பார்க்காமல் சொன்ன ஆமா

எங்கள் வில்லிசைக் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் மூன்று பேருக்கும் வணக்கம். ஒருவர் கீபோர்டு, ஒருவர் தாளம் தட்டும் எலெக்ட்ரானிக் பேட், ஒருவர் வயலின். மூன்றுமே வில்லோடு பிறந்தவை அல்ல. தெரிந்துதான் வந்திருப்பீர்கள். "நீ பட்டத எல்லாம் இந்தப் பிள்ளைகளுக்கு எழுதிக் குடு, நான் சொன்னா திட்டுதேன்னு நினைக்கும்" என்று அக்கா உத்தரவு போட்டுவிட்டார். அக்கா என்றால் நம் குழுத் தலைவி. பெயரைப் போடக் கூடாது என்பதும் அவருடைய உத்தரவுதான்.

ஓய்வு பெற்றவன் என்று என்னை உங்களுக்கு அறிமுகப்படுத்தினார்களாம். எனக்கு வயது முப்பத்தொன்று. நாலாவது தடவை எழுதிய அரசுத் தேர்வில் தேறி, இளநிலை உதவியாளர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். காலை பத்து மணிக்கு மேடையில் இருந்தவன் இப்போது காலை பத்து மணிக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறேன். இதற்கு ஓய்வு என்று பெயர் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். ஏழு வருஷம் அம்மன் கோயில் கொடை விழாக்களுக்குப் போய் வந்தவன் என்ற ஒரே தகுதியில் பேசுகிறேன்.

ராகம், தாளம், கம்பி கட்டுவது பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை. அதற்கு யூடியூப் இருக்கிறது. நான் செய்த ஒரே ஒரு பெரிய தப்பைப் பற்றி எழுதுகிறேன். அது யூடியூபில் இல்லை. அன்றைக்கு யாரோ எடுத்த வீடியோவை அக்கா அழிக்கச் சொல்லிவிட்டார்.

என் வாத்தியம் ஸ்டீல் கிட்டார். மடியில் படுக்கப் போட்டு, வலது கையால் கம்பியைச் சுண்டி, இடது கையில் ஓர் இரும்புத் துண்டைக் கம்பிகளின் மேல் வழுக்கிக்கொண்டே போவது. சுரம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவாது, இழைந்து போகும். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் இதற்கு இஸ்திரிப் பெட்டி என்று பெயர். "என்ன தம்பி, இன்னைக்கு எத்தனை சட்டை ஆச்சு" என்று கேட்காதவர்கள் குறைவு.

பொறியியல் கடைசி வருஷத்தில், படிக்க வேண்டிய நேரத்தில், அமெரிக்காவின் கன்ட்ரி என்ற கிராமத்துப் பாட்டுக்காரர்கள் வாசிக்கும் காணொளிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அங்கே ஒரு ஸ்டீல் கிட்டார்காரர் ஜாஸோ வேறெதுவோ வாசித்துப் போட்டுவிட்டால் போதும், கீழே கமெண்டில் சண்டை தொடங்கிவிடும். இது கன்ட்ரிக்கு உரிய சத்தம், இதை ஏன் அங்கே இழுத்துக்கொண்டு போகிறாய் என்று ஆளாளுக்குக் கோபப்படுவார்கள். படித்துப் படித்துச் சிரிப்பேன். நம் ஊரில் கன்ட்ரி என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாது, ஆகவே இந்த வாத்தியத்துக்கு இங்கே எந்த வேலியும் இல்லை, எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

கணக்கு தப்பு. நம் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். வானொலியில் ஒரு நிகழ்ச்சி முடிந்து அடுத்தது தொடங்கும் வரைக்கும் இதைத்தான் போட்டார்கள். திரையரங்கில் திரை விலகும் வரைக்கும் இதைத்தான் போட்டார்கள். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டு வேன் வரும் வரைக்கும், ஏதாவது ஒரு சினிமாப் பாட்டை ஸ்டீல் கிட்டாரில் இழைத்துக்கொண்டே இருந்தார்கள். நாற்பது வயது தாண்டியவர்கள் எல்லாருக்கும் இந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். இன்னும் ஆரம்பிக்கவில்லை.

திருவேங்கடம் பக்கம் ஒரு கொடையில் முதன்முதலாக வில்லோடு உட்கார்ந்தேன். கதைக்கு முன்னால் பத்து நிமிஷம் உருகி உருகி ஒரு ராகம் வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு வாசித்தது நல்லதாகப் போயிற்று. திறந்தபோது பந்தலில் பாதிப் பேர் இல்லை. ஒருவர் மட்டும் மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாக, என்னைப் புண்படுத்திவிடக் கூடாது என்ற அக்கறையோடு கேட்டார்.

"தம்பி, கதை எப்பம் ஆரம்பிப்பிய? மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வந்துரலாமா?"

"ஆரம்பிச்சாச்சு அண்ணாச்சி."

"அப்பம் இவ்வளவு நேரம் வாசிச்சது?"

அவர் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டே வந்தார்.

கடையநல்லூரில் ஒரு கல்யாண வீட்டில் வேறொரு குழுவோடு வாசித்தேன். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்திருந்த ஒருவர் ரொம்ப நேரம் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஏர்போர்ட்டுல உக்காந்த மாதிரியே இருக்கு. பிளைட்டு எத்தன மணிக்கு?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சிரிப்பை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தேன்.

சத்தத்தைக் கூட்டிப் பார்த்தேன். வேகத்தைக் கூட்டிப் பார்த்தேன். கழுத்தை ஆட்டி ஆட்டி வாசித்தும் பார்த்தேன். நான் தனியாக வாசிக்கத் தொடங்கினால் சனம் எழுந்து போகும். அக்கா வாயைத் திறந்தால் திரும்பி வரும். ஒரு கதவை நான் திறப்பதும் அவர் சாத்துவதுமாகப் போயிற்று.

இந்த நிலைமையில்தான் ஒரு நாள் எனக்கு ஒரு சின்ன வழி கிடைத்தது. வில்லுப்பாட்டில் தலைவி ஒரு வரி சொன்னால் பின்னால் இருப்பவர் "ஆமா" போட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். நம் குழுவில் அது குடம் அடிக்கும் அண்ணாச்சியின் வேலை. அன்றைக்கு அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. அக்கா, "அந்த ராசாவுக்குப் பிள்ளை இல்ல" என்று சொல்லி நிறுத்த, அண்ணாச்சி வாயைத் திறக்க, காற்றுதான் வந்தது. நான் கம்பியில் ஓர் இழுப்பு இழுத்தேன். மேலே தொடங்கிக் கீழே சரிந்து நிற்கும் ஓர் ஆமா. சத்தியமாக மனுஷன் சொன்ன மாதிரியே விழுந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் கைதட்டின. அக்கா பாட்டுக்கு நடுவிலேயே திரும்பிப் பார்த்துவிட்டு, அடுத்த வரியையும் எனக்கே விட்டார்.

அதன்பிறகு என் வேலை ஆமா போடுவது. பாட்டு கிடையாது, ராகம் கிடையாது. நான் அதையும் விடவில்லை. சலிப்பான ஆமா, பயந்த ஆமா, கடன்காரனுக்குச் சொல்லும் ஆமா, மாமியாருக்குச் சொல்லும் ஆமா என்று மொட்டை மாடியில் உட்கார்ந்து பயிற்சி எடுத்துப் பதிவு செய்து வைத்தேன். பொறியியல் படித்தவன் இப்படி ஆனான். ஆனாலும் சனத்துக்கு அது ஒரு வேடிக்கைச் சாமான்தான். சிரிப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். இடையில் ஆசைப்பட்டு நான் நாலு சுரம் கூடுதலாக வாசித்துவிட்டால் மறுபடியும் எழுந்து போவார்கள்.

மூன்று ஊர்களிலிருந்து அக்காவுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்கள், அடுத்த வருஷம் அந்தப் பெட்டி வேண்டாம் என்று. அக்கா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"ஏலே, எனக்கு உம் பெட்டி மேல கோவம் ஒண்ணும் இல்ல. ஆனா அது என் வாய்க்கும் சனங்க காதுக்கும் நடுவுல நந்தி மாதிரி உக்காந்திருக்கு. வார செவ்வாய்க்கிழமைக் கொடைக்குக் கொண்டு வா. அங்கனயும் யாராவது மூஞ்சியச் சுளிச்சா, பெட்டிய மாடியில வச்சிட்டு ஆர்மோனியம் படி. இல்லன்னா வேற குழு பாத்துக்கோ."

வேறு எந்தக் குழு என்னைச் சேர்க்கும்? ஆகவே அந்தச் செவ்வாய்க்கிழமை எனக்கு எப்படிப்பட்ட நாள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஊர் மேலநீலிதநல்லூரைத் தாண்டி உள்ளே. எழுத்தில் வேண்டாமே என்று ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை, அம்மன் பெயரையும் மாற்றியிருக்கிறேன், நிஜப் பெயரை அக்கா வேனில் சொல்வார். வடிவு என்று வைத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் அந்த ஊரில் வாழ்ந்த பெண். மழை பொய்த்த வருஷம், குளத்தில் கொஞ்சம் தண்ணீர்தான் மிச்சம். ஒரு சாயங்காலம் யாரோ மடையைத் திறந்துவிட்டார்கள், தண்ணீர் பக்கத்து ஊருக்கு ஓடுகிறது. தற்செயலாக அந்த வழியே வந்த வடிவு மடையை அடைக்கப் பார்க்கிறாள். தூரத்தில் அவள் அங்கே குனிந்து நிற்பது தெரிகிறது. ஊர் கூடுகிறது. "மடையைத் திறந்தது வடிவுதானா" என்று கேட்கிறார்கள். கூட்டத்தில் ஒருத்தன், எதையும் பார்க்காதவன், "ஆமா" என்கிறான். அவள் கூடப்பிறந்த அண்ணனே வீட்டுக் கதவைச் சாத்திவிடுகிறான். அவள் திரும்பிப் போய், அடைபடாத மடையில் தன் உடம்பையே வைத்து அடைத்து, அங்கேயே உயிரை விடுகிறாள். ஊருக்குத் தண்ணீர் மிஞ்சியது. அவள் தெய்வமானாள்.

அண்ணன் வீட்டு வழியில் வந்தவர்கள் இன்றைக்கும் அந்த ஊரில் இருக்கிறார்கள். கொடையில் அவர்களுக்கு முதல் மரியாதையும் உண்டு, ஒரு கடமையும் உண்டு. கதை அந்த இடத்துக்கு வரும்போது பாடுகிறவர் வில்லை நிறுத்திவிட்டு, "மடையத் தொறந்தது வடிவுதானா" என்று மூன்று தடவை கேட்க வேண்டும். முதல் இரண்டு தடவை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. மேடையும் பேசக் கூடாது, கூட்டமும் பேசக் கூடாது. மூன்றாவது தடவை அண்ணன் வீட்டுப் பெரியவர் எழுந்து நின்று, "இல்லை தாயே" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மதியக் கொடைப் பூசை. சொல்லாவிட்டால் பூசை இல்லை.

இது அவ்வளவும் அக்கா போகிற வழியில் வேனிலேயே விளக்கமாகச் சொன்னது. எனக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது என் காதில் ஹெட்போன் இருந்தது. நான் பதிவு செய்த ஆமாக்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்கா, "புரிஞ்சுதாலே" என்று கேட்டாராம். நான் தலையாட்டினேனாம்.

பத்து மணிக்கு வில் கட்டினார்கள். நல்ல கூட்டம். அண்ணன் வீட்டு ஆண்கள் பத்துப் பதினைந்து பேர் முன்னால் இடது பக்கம் வெள்ளை வேட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். பெரியவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும், அசையாமல் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் அவருடைய தம்பி, லாரி வைத்துத் தொழில் செய்கிறவர், கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு பொறுமையில்லாமல் இருந்தார்.

எனக்கு அன்றைக்கு எல்லாம் அமைந்தது. ஒவ்வொரு ஆமாவும் சரியான இடத்தில் விழுந்தது. யாரும் எழுந்து போகவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது. நான் மனசுக்குள் ஆர்மோனியத்துக்கு விடை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா மடைக்கு வந்தார். ஊர் கூடிவிட்டது. வில்லைத் தட்டுவதை நிறுத்தினார். குடம் நின்றது. மணிகள்கூட ஓய்ந்தன. பாடாமல், பேச்சாக, மெதுவாகக் கேட்டார்.

"மடையத் தொறந்தது வடிவுதானா?"

எனக்கு ஓர் இடம் காலியாகக் கிடந்தால் கை அரிக்கும். உங்களுக்கும் அரிக்கும், எனக்குத் தெரியும். இவ்வளவு பெரிய அமைதியை அக்கா எனக்காகவே விட்டிருக்கிறார் என்று நினைத்தேன். கேள்வியின் கடைசி எழுத்து முடிவதற்குள், நான் சேர்த்து வைத்திருந்ததிலேயே சிறந்த ஆமாவை, மேலேயிருந்து கீழே வரைக்கும் ஓர் இழுப்பாக இழுத்தேன்.

எங்கேயோ ஒரு பிள்ளை சிரித்தது. சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது, அம்மா வாயைப் பொத்தியிருக்க வேண்டும். பந்தல் முழுக்க என்னைப் பார்த்தது. உண்மையைச் சொல்கிறேன், இரண்டு நொடி அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். குடத்து அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அது பாராட்டு இல்லை என்று தெரிந்தது.

லாரிக்காரத் தம்பி எழுந்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பதில் வந்துட்டுல்லா. அப்பம் நாங்க கிளம்பலாமா?"

பிறகு கூட்டத்தைப் பார்த்துத் தொடர்ந்தார். வருஷா வருஷம் எங்கள் வீடு மட்டும் இங்கே எழுந்து நின்று தலை குனிகிறது, பள்ளிக்கூடத்தில் எங்கள் பிள்ளைகளைக் கூடப்பிறந்தவளைத் தள்ளிவிட்ட வீடு என்று கேலி செய்கிறார்கள், இன்றைக்கு மேடையே சொல்லிவிட்டது திறந்தது அவள்தான் என்று, இனி நாங்கள் எதற்கு இல்லை என்று சொல்ல வேண்டும் என்றார். அவர் வீட்டு இளவட்டங்கள் இரண்டு மூன்று பேரும் எழுந்துவிட்டார்கள். பெரியவர் மட்டும் தரையைப் பார்த்தபடி இருந்தார். அந்தப் பக்கம் கோயில் வாசலில் பூசாரி மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். பொங்கல் இறக்கியாகிவிட்டது. இவர்கள் பந்தலைத் தாண்டிப் போய்விட்டால் அன்றைக்குப் பூசை இல்லை. காரணம் என் மடியில் கிடக்கிறது.

மைக்கைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். கைகூட நீண்டுவிட்டது. அக்கா கண்ணாலேயே தடுத்தார். பிறகு சிரித்தார். மேடையில் கதைக்குள் இருக்கும்போது ஒரு சிரிப்பு சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. வில்லில் ஒரே ஒரு தட்டு தட்டினார்.

"இந்தா ஒருத்தன் ஆமாங்கான். நான் கேட்டு முடிக்கல, அதுக்குள்ள ஆமாங்கான். அன்னைக்கும் கூட்டத்துல ஒருத்தன் இப்படித்தான் சொன்னான். நீ எங்கன நின்னு பார்த்தன்னு அவங்கிட்ட ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா வடிவு வீட்டுக்குப் போயிருப்பா." என் பக்கம் திரும்பினார். "இன்னைக்கு நான் கேக்கேன். ஏலே, நீ பார்த்தியா?"

பந்தல் மறுபடியும் என்னைப் பார்த்தது. இந்தத் தடவை எனக்குப் புரிந்துவிட்டது. அக்கா என்னைக் குழுவிலிருந்து எடுத்துக் கதைக்குள் போட்டுவிட்டார். நான் இப்போது ஸ்டீல் கிட்டார்காரன் இல்லை, அந்தப் பொய்ச்சாட்சி. வாயால் பேசினால் கதையிலிருந்து வெளியே விழுந்துவிடுவேன். கம்பியால்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் என்னிடம் நூறு ஆமா இருக்கிறது, ஓர் இல்லை கிடையாது. ஒரு நாளும் பயிற்சி எடுத்ததில்லை.

அழகாக எதையாவது வாசித்துவிடத்தான் கை போயிற்று. பழக்கம். நிறுத்தினேன். மாட்டிக்கொண்டவன் எப்படி இல்லை என்பான் என்று யோசித்தேன். எனக்கே அது எத்தனையோ தடவை நடந்திருக்கிறது. உடனே சொல்ல மாட்டான். சொன்னாலும் கீழே பார்த்துக்கொண்டு சொல்வான். நானும் கீழே பார்த்தேன். அடிக் கம்பியில், கேட்டும் கேட்காத மாதிரி, இரண்டே சுரம். இரண்டாவது சுரத்தில் இரும்பு நடுங்கியது. நான் நடுக்கியது இல்லை, கை தானாக நடுங்கியது.

அக்கா காதில் கை வைத்தார். "எனக்கே கேக்கல. வடிவுக்கு எப்படிக் கேக்கும்?"

மறுபடியும் வாசித்தேன். கொஞ்சம் கூட்டி. இல்லை, பார்க்கவில்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு "ச்சு" வந்தது. பின்னால் ஒருவர், "படுபாவி" என்றார். என்னையா, அந்தக் காலத்து ஆளையா என்று தெரியவில்லை. இரண்டும் பொருந்தும். இத்தனை நாள் எழுந்து போனவர்கள், சிரித்துவிட்டு மறந்தவர்கள், முதன்முதலாக என் பெட்டி சொன்னதைக் கேட்டுத் திட்டினார்கள். அந்த நிலைமையிலும் எனக்கு அது தெரிந்தது.

நான் இரும்புத் துண்டைக் குடத்து அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டேன். இனி என் கையை நம்ப முடியாது. அக்கா இரண்டாவது தடவை கேட்டார். யாரும் பேசவில்லை. மூன்றாவது தடவை கேட்டார்.

லாரிக்காரத் தம்பி இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். பெரியவர் எழுந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். அவர் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டார். ஒரு வருஷமும் அவர் வாய் திறந்ததில்லையாம், குடத்து அண்ணாச்சி பிறகு சொன்னார்.

"சொன்னவனே பார்க்கலன்னுட்டான். நாங்க என்ன சொல்ல. இல்லை தாயே. நீ தொறக்கல."

பெரியவரும் சொன்னார். நின்ற இளவட்டங்களும் முணுமுணுத்தார்கள். குலவைச் சத்தம் எழுந்ததும் அக்கா வில்லில் இறங்கி அடித்த அடியில் மணிகள் அறுந்து விழுந்துவிடும் போலிருந்தது. பூசாரி மாலையோடு உள்ளே போனார். நான் சுத்தமாக வேர்த்துப் போய் உட்கார்ந்திருந்தேன்.

பூசை முடிந்து சாப்பாடு. நான் பந்திக்குப் போகாமல் மேடைக்குப் பின்னால் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். மொட்டை மாடியில் பெட்டியை எந்த மூலையில் வைத்தால் மழை படாது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது லாரிக்காரத் தம்பி வந்து பக்கத்தில் குந்தினார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"உள்ளதச் சொல்லணும். அந்த ஆமா தெரியாம அடிச்சதா, அக்கா சொல்லிக் குடுத்ததா?"

"தெரியாமத்தான் அண்ணாச்சி. வேன்ல சொல்லும்போது நான் கேக்கல."

அவர் சிரித்த சிரிப்பில் பின்னால் கட்டியிருந்த ஆடு திரும்பிப் பார்த்தது. பிறகு சிரிப்பு அடங்கிப் பேசினார்.

"எங்க பாட்டன் காலத்துல இருந்து நாங்கதான் எந்திரிச்சு நிக்கோம். எங்க ஆளு கதவச் சாத்துனது தப்பு, நான் இல்லங்கல. ஆனா பார்க்காம ஆமான்னான் பாரும், அவன் வீடு எதுன்னு யாருக்கும் தெரியாது. அவன் வம்சம் இந்தக் கூட்டத்துலதான் எங்கனயோ உக்காந்து சுண்டல் தின்னுட்டு இருக்கும். ஒரு வருசமாவது அவன் எந்திரிச்சானா? இன்னைக்கு எந்திரிச்சான்." என் பெட்டியைத் தட்டினார். "அடுத்த வருசமும் இத கொண்டாரும். முதல்ல இது சொல்லட்டும், பொறவு நாங்க சொல்லுதோம்."

அக்காவிடமும் போய்ச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். திரும்பும் வழியில், வேன் சங்கரன்கோவிலை நெருங்கும்போது அக்கா, "பெட்டிய மாடியில வைக்கச் சொன்னேன். இப்பம் பெட்டி இல்லாம ஊருக்குள்ள விட மாட்டேங்காக" என்றார். பிறகு கையை நீட்டி என் ஹெட்போனை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு, ஒரு தப்பு செய்தால் போதும், எல்லா ஊரும் வசமாகிவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். மற்ற ஊர்களில் கடைசி வரைக்கும் நான் தனியாக வாசிக்கத் தொடங்கினால் நாலு பேர் எழுந்து வெளியே போனார்கள். அவர்கள் மேல் எனக்கு இப்போது வருத்தம் இல்லை. அவர்கள் காதில் இந்தச் சத்தத்துக்கு ஏற்கெனவே ஓர் அர்த்தம் இருக்கிறது, நான் பிறப்பதற்கு முன்பே வைத்தது. அதை அழித்துவிட்டு என்னுடையதை எழுதப் பார்த்தேன், நடக்கவில்லை. கதைக்குள் அதற்கு ஒரு வேலை கிடைத்த இடங்களில் மட்டும் கேட்டார்கள். வேலை கிடைத்த பிறகு, நாலு சுரம் கூடுதலாக வாசித்தாலும் பொறுத்துக்கொண்டார்கள். சில ஊர்களில் வாசிக்கச் சொல்லியே கேட்டார்கள். லாரிக்காரத் தம்பி அடுத்த வருஷம் அந்த ஆமாவைப் பதிவு செய்து ரிங்டோனாக வைத்திருக்கிறார். மனைவி கூப்பிட்டால் மட்டும் அடிக்குமாம்.

வயலின்காரத் தம்பிக்கும் பேட் தம்பிக்கும் சொல்வது, வேனில் அக்கா பேசும்போது காதைத் திறந்து வையுங்கள். தலையாட்டுவதற்கு முன்னால் எதற்கு ஆட்டுகிறோம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மேடையில் தப்பு நடந்துவிட்டால் உடனே மைக்கைப் பிடிக்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் அதற்குக் கதைக்குள் ஓர் இடம் தேடிக்கொண்டிருக்கலாம். அவருக்கு ஒரு மூச்சு நேரம் கொடுங்கள்.

கீபோர்டுத் தங்கச்சி, உனக்கு ஒரு தனி வேலை இருக்கிறது. அந்த ஊரில் ஆறு வருஷம் நான்தான் பொய்ச்சாட்சி. இந்த வருஷம் கொடை அன்றைக்கு எங்கள் அலுவலகத்தில் ஆய்வு, விடுப்பு கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நீ போக வேண்டும். உன் கீபோர்டின் இடது ஓரத்தில் சுரத்தை வளைக்க ஒரு சக்கரம் இருக்கிறதே, அது போதும், மேலேயிருந்து கீழே ஓர் இழுப்பு.

இல்லை சொல்வது உனக்கு வரும், பயப்படாதே. அத்தனை பேர் பார்க்கும்போது கை தானாக நடுங்கும். கஷ்டம் அந்த ஆமாதான். போன வருஷம் நான் அதைக் கொஞ்சம் தாமதமாகச் சொல்லிவிட்டேன். நல்ல ஆமாவாகச் சொல்ல வேண்டும் என்று ஒரு நொடி நின்றுவிட்டேன். பூசை முடிந்து லாரிக்காரத் தம்பி நேராக என்னிடம் வந்தார். "இந்த வருசம் சரியில்ல, யோசிச்சுச் சொல்லுத மாதிரி இருந்துச்சு. அவன் யோசிச்சிருந்தா சொல்லியிருப்பானா" என்றார். சரியான கேள்வி. ஆகவே நீ யோசிக்காதே. அக்கா கேள்வியை முடிக்கும் வரைக்கும் காத்திருக்காதே. வடிவின் பெயர் காதில் விழுந்ததும் அழுத்திவிடு.